நரி இல்லாத ஊரில்

இந்த நாட்டுக் காட்டில் நரி கிடையாது.
இருந்தும் பீடோரில், எங்கள் தாமானில்,
பாதிப் பேர் நரியைப் பார்த்திருக்கிறார்கள்.
கூரை அதிர்ந்தால் நரி.
பப்பாளி பாதியாய்த் தொங்கினால் நரி.
மலாய்க்காரர் மூசாங் என்கிறார்;
பள்ளிப் புத்தகத்தில் 'ந'வுக்குப் பக்கத்தில்
வால் தூக்கி நின்றதன் பேரை
நாங்கள் அதற்கு மாட்டிவிட்டோம்.
கோயில் கதையில் நரி பரியானது,
இங்கே மூசாங் நரியானது.
பிரம்படிதான் யாருக்கும் விழவில்லை.

செம்பனை ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
லாரி ஏறும், எண் எழும், சீட்டைக் கிழிப்பேன்.
மூன்று மணிக்கு மேல் லாரி வராது.
கண்ணுக்கு ஏதாவது வேண்டுமே.

எச்சம்தான் முதலில்.
மேடையின் சிமெண்டு விளிம்பில், ஒரே இடத்தில்,
ஏதோ கையெழுத்துப் போட வருவதுபோல்.
காய்ந்தபின் குச்சியால் பிரித்தேன்:
பழநார், வண்டின் சிறகு,
கறுத்துப் பளபளக்கும் சீக்கு விதை இரண்டு.
செம்பனைக் காட்டில் சீக்கு ஏது?
ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால் ஒரே ஒரு மரம்.
சைக்கிளில் போனாலே இருபது நிமிடம்.

மழை விட்ட இரவில் சேற்றில் தடம்.
நாய்க்கு நாலு விரல் பதியும்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எண்ணினேன், ஐந்து.
இன்னொரு இரவு வாசம் மட்டும் வந்தது,
யாரோ பாண்டான் இலை போட்டுச் சோறு வடிப்பதுபோல.
எனக்குப் பசித்துவிட்டது.

கொதிகலன் பார்க்கும் ரஃபிக்குல்
என் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
"ஷியால் இல்லே அக்கா. ஷியால் மரம் ஏறாது."
அவன் ஊர் ஆற்றங்கரையில் ஜாமத்துக்கு ஒரு தரம் கூவுமாம்.
எப்படி என்றேன்.
தலையை அண்ணாந்து கூவினான்,
கடன் அடைய இன்னும் பதினோரு மாதம் இருப்பவன்.
ஆயுளில் நரியைக் கேட்டிராத தோட்டத்து நாய்கள்
அத்தனையும் பதில் சொல்லின.

எதிர்வீட்டு மரியசூசையின் வாத்து காணாமல் போனது.
நரிதான் என்றார்.
போய்ப் பார்த்தேன். ஓர் இறகு இல்லை, துளி ரத்தம் இல்லை,
வேலியோரப் புல் மட்டும் ஒரு பக்கமாய்ப் படுத்திருந்தது.
"மலைப்பாம்பு, அண்ணே."
"எடை போடுற பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொன்னது?"
அன்றே கூண்டு வாங்கி வந்தார்,
உள்ளே கனிந்த ராஜாளி வாழைப்பழம்.

இரண்டாம் நாள் காலை நான் வேலை முடிந்து வர,
கூண்டைச் சுற்றிக் கூட்டம்.
நரிமுகத்தில் விழித்தால் யோகமாம்,
ஒருவர் கூண்டு விலையையே நாலு நம்பர் ஆக்கிக்கொண்டிருந்தார்.
கறுப்புத் துணி கட்டியதுபோல் கண்களைச் சுற்றிக் கறுப்பு.
மூக்கு ஈரம். கம்பியைக் கடித்துக் கடித்து
உதட்டோரம் கிழிந்திருந்தது.
என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.
எனக்கு யோகம் கிடையாது,
நான் இன்னும் தூங்கவே இல்லை.

வனவிலங்கு இலாகா பத்து மணிக்கு மேல் வருவதாகச் சொன்னது.
எட்டரைக்கு வெயில் கூண்டில் ஏறியபோது
மரியசூசை உள்ளே போனார்,
பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து
கூண்டின் மேல் விரித்தார்.
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
"வாசமா இருக்கு, என்னா?" என்றார், சட்டையிடம்.

எங்கோ தூரத்தில் கொண்டுபோய் விட்டார்களாம்.
ஒன்பது இரவு விளிம்பு வெறுமையாய்க் கிடந்தது.
ரஃபிக்குல்கூடக் கேட்டான்.

பத்தாம் இரவு எச்சம்,
போன தடவையைவிட மெல்லியது.
அதுவா, அதன் பிள்ளையா, வேறொன்றா,
குச்சியால் பிரித்தாலும் தெரியாதது.
விதை மட்டும் அதே மரத்து விதை.

அந்த வாரமே இரண்டாவது வாத்தும் போயிற்று,
இறகு இல்லாமல்.
மரியசூசை என் வாசலில் வந்து நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினேன்.