விரலி

ஈரோட்டு மண்டியில் மஞ்சளுக்கு இரண்டே பேர்.
நீண்டது விரலி. உருண்டது கிழங்கு.
மாதிரி வாங்கப் போன அன்று
பொங்கியண்ணன் ஒரு விரலியை ஒடித்துக் காட்டினார்.
"சத்தங் கேட்டுச்சுங்களா?
நல்லாக் காஞ்சிருந்தாத்தான் இப்படி ஒடியும்."
நான் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.
பத்தில் ஆறு
ஏற்கெனவே கிழங்கு ரகம்.

பெருந்துறைச் சாலையில் எங்கள் ஆய்வகம்.
ஒன்பது மணிக்குக் குப்பி மூடி எனக்குத் திறக்காது.
பத்தேகாலுக்குத் திறக்கும்.
நடுவில் நான் கணக்குப் பார்ப்பதாக
எல்லோரும் நம்புகிறார்கள்.

மஞ்சளின் சத்தைப் பிரிப்பது பெரிய வேலையில்லை.
ஆல்கஹாலில் ஊறும், வடியும், பொடியாய் நிற்கும்.
தண்ணீரில் போட்டால்தான் அதன் குணம் தெரியும்:
கோபித்துக்கொண்ட ஒறம்பரை பந்தியில் நிற்பதுபோல
ஒட்டாமல் ஓரமாய் நிற்கும்.
வெளிச்சம் பட்டால் சிதையும்.
விழுங்கினால், ஈரல் அதை வாசலிலேயே வழியனுப்பிவிடும்.

மாரியம்மன் நோம்பியில் யாரோ ஊற்றிய மஞ்சத்தண்ணி
மூன்று வருஷமாய் என் வெள்ளைச் சுடிதாரை விடவில்லை.
துணியை விடாத ஒன்று
ரத்தத்தில் ஒரு மணி நேரம் தங்க மாட்டேன் என்கிறது.
என் ஆய்வேட்டின் இருநூறு பக்கமும்
இந்த ஒரு வரிதான்,
வேறு மொழியில்.

எனவே எண்ணெய்த் துளி.
கண்ணுக்குத் தெரியாத துளி.
அதற்குள் மஞ்சளை ஒளித்து
மிளகின் சத்தைத் துணைக்கு அனுப்பி
வழவழத்த கூழில் கலந்து
கண்ணாடிக் குழாய் வாயில் கட்டிய
பன்றிக் காதுத் தோலின்மேல் தடவி
எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்,
எவ்வளவு அக்கரை சேர்ந்தது என்று.
பதினான்கு தடவை மேலேயே திரிந்து போனது.
பதினைந்தாவது, கொஞ்சம் இறங்கியது.

எலிக்கூடத்து ரெஜினாக்கா வந்து சொன்னார்:
"ஏழாம் நம்பர் இன்னைக்குக் காலை ஊனுதுங்க அம்மிணி."
ஊன்றியது.
பாதரசம் நேற்றைவிட இரண்டு கோடு கீழே நின்றது.
எட்டாம் நம்பருக்கு மஞ்சள் இல்லாத வெறும் கூழ்.
அது ஊன்றவில்லை. என்னைப் பார்த்தது.

இரண்டுக்கும் அந்த வீக்கத்தை
ஊசியில் கொடுத்தவள் நான்.
எனக்குக் கொடுத்தது யார் என்று
ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது:
என் ரத்தமேதான்.
யாரையோ எதிரி என்று நினைத்து
சொந்தக் கணுக்களைக் கல்லெறிந்துகொண்டிருக்கிறது.

சனிக்கிழமை தோறும் டாக்டர் கொடுத்த மாத்திரை.
அதுவும் மஞ்சள் நிறம். அதற்கும் இதற்கும் உறவில்லை.
என் கூழை நான் பூசிக்கொள்ளக் கூடாது.
மனிதத் தோலுக்கான அனுமதி
எத்தனை கையெழுத்துக்கு அப்பால் இருக்கிறதோ.
அதுவரை நான் எட்டாம் நம்பர்.

சாயங்காலம் கையுறை கழற்றும்போது
நடுவிரல் கணுவில், எந்தக் கிழிசல் வழியாகவோ,
மெல்லிய மஞ்சள் கோடு.
சோப்பு பக்கத்தில்தான் இருக்கிறது.
சென்னிமலை பஸ் முதலில் வரட்டும்,
பார்க்கலாம்.