சீழ்க்கை

குதிரை மூத்திரம் பெய்யட்டும் என்று
சீழ்க்கை அடிப்பது என் வேலை.
நீளக் கம்பின் நுனியில் ஒரு கிண்ணம்,
கையுறை, பூட்டுப்பெட்டி, கையெழுத்துக்கு மூன்று தாள்.

துராஸ்னோவுக்கு வடக்கே, ஜூலைக் குளிரில்
தொண்ணூறு கிலோமீட்டர் ஓடி
மூன்றாவதாக வந்த பெட்டை. பெயர் தோர்காசா.
பன்னிரண்டு நிமிடத்தில் நாடி அறுபதுக்கு இறங்கியது,
ஊரே கைதட்டியது.
சிறுநீர்ப்பை மட்டும் இறங்கி வரவில்லை.

யாமிலா எச்செவெரி சுவரில் சாய்ந்திருக்கிறாள்.
தொப்பியில் அந்தக் கம்பெனி, சட்டை முதுகில் அந்தக் கம்பெனி,
சேணத்துணியில், வாளியில்,
டிரெய்லரின் பின்கதவில் ஆளுயரத்துக்கு.
போன வருஷம் லாடத்துக்கே கடன் சொன்னவள்.

"மூலிகைதான். இயற்கை" என்கிறாள்,
நான் எதுவும் கேட்காமலே.
டப்பாவை நீட்டுகிறாள்.
வாங்கக் கூடாது, விதி.
கை வாங்கவில்லை, கண் வாங்கிவிட்டது:
மக்னீசியம், பீட்ரூட்,
பிறகு எறும்பு எழுத்தில் ஒரு வேரின் லத்தீன் பெயர்.
அதை வேறொரு பட்டியலில் பார்த்திருக்கிறேன்,
எத்தனையாவது பக்கம் என்பதுகூடத் தெரியும்.
இயற்கைதான். இந்தக் குளிரும் இயற்கைதான்.

"வெள்ளிக்கிழமையோடு நிறுத்திட்டேன்.
எத்தனை நாள் தங்கும்?"
தெரியாது என்கிறேன். தெரியும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
குதிரை அதைச் சரியாகவே செய்கிறது:
மூட்டுவலிக்கு இட்டதை, பயத்துக்கு இட்டதை,
கம்பெனிக்காரன் படமெடுக்க ஒருமுறை இட்டதை,
எல்லாவற்றையும் ரத்தத்தில் நினைத்துக்கொண்டே ஓடி
என் கிண்ணத்தில் வந்து சொல்கிறது.
இட்டவர்கள் நினைப்பார்களா?
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பத்தியை
அவளே மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்:
பொருளின் விளைவுக்குப் பொறுப்பு, உபயோகிப்பவர்.

மணி பத்து. மாத்தேக்கு வைத்த வெந்நீர் ஆறிவிட்டது.
என் உதடு வெடித்து வெறும் காற்றுதான் வருகிறது.

அப்போது அவள் ஆரம்பிக்கிறாள்.
என்னைவிட நன்றாக, தாழ்ந்த சுருதியில்,
இரண்டே ஸ்வரம்.
குட்டியிலேயே பழக்கியிருக்க வேண்டும்.
பெட்டை ஒரு காதைத் திருப்புகிறது,
பின்னங்கால்களை அகட்டுகிறது.
அவள் நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.

ஆவி பறக்க நிறைகிறது கிண்ணம்.
இரண்டு குப்பி, முத்திரை, ஓர் எண்.
பெயர் கிடையாது.

கையெழுத்துக்குப் பேனா கேட்டாள்.
என்னிடம் இருந்தது ஒன்றுதான்,
காலையில் துவக்கவிழாவில் எல்லோருக்கும் கொடுத்தது.
கம்பெனிப் பெயர் என் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி
திருப்பிப் பிடித்து
நீட்டினேன்.