ஈச்சிலம்புற்று

ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டிய பஸ்
ஐந்து ஐம்பதுக்கும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறது.
சாரதி விஜேகோன் குடித்தால்
பஸ் குடித்த மாதிரித்தான்.
திருகோணமலை பஸ் நிலையத்து மான்கள்
வாழைப்பழத் தோலுக்குப் பொறுமையாக நிற்கின்றன.
எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

முன்கண்ணாடியில் பலகை.
மூன்று மொழி; நடுமொழியில் பிழை.
ஈச்சிலம்பற்று என்று இருக்க வேண்டியது
ஈச்சிலம்புற்று.
பகரத்துக்குக் கீழே யாரோ ஒரு கோடு இழுக்க
ஊர் புற்றாகிப் போனது.
தரம் ஏழுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் நான்.
மூன்று வருடமாக
விடியமுன் புற்றுக்குள் ஏறுகிறேன்.

மதகுருமாருக்கு என்று எழுதிய ஆசனத்தில்
இறால் பெட்டி.
கர்ப்பிணித் தாய்மாருக்கு என்றதில்
ஒரு பொலிஸ்காரர், வாய் திறந்த நித்திரை.
'உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு மைதானம் கிடக்கு'
நஸ்மில் கத்துகிறான்.
மைதானத்தில் எனக்கு
ஒற்றைக்கால் வைக்க இடம் கிடைத்தது.
மிச்சக்காசு முப்பது ரூபாயை
டிக்கட்டின் முதுகில் எழுதித் தருகிறான்.
என் கைப்பைக்குள் அவன் கடன்
ஒரு சின்ன வங்கி அளவு இருக்கும்.

கிண்ணியாப் பாலத்தில் மட்டும்
எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காற்று.
பிறகு உப்பாறு, கங்கை,
பிறகு ஒரு எருமை,
அதற்கு நேரசூசி கிடையாது.

ஏழரைக்கு அதிபர்
வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார்.
மேலே ஒப்பமிட்டால் ஆசிரியை.
கீழே இட்டால் பிந்தியவள்.
மூன்று தரம் கீழே இட்டால் அரைநாள் லீவு.
விஜேகோனின் தேநீர் சூடாக இருந்த நாட்கள்
என் லீவுக் கணக்கில் இருக்கின்றன.

மாசியில் டிப்போவுக்கு எழுதினேன்.
ஒன்று, நேரம்.
இரண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, எழுத்து.

ஆனி முதல் திங்கள்
பலகை புதிது. நீல வர்ணம் இன்னும் மணக்கிறது.
ஈச்சிலம்பற்று.
ஒரு குறையும் இல்லை, றகரம்கூட அழகு.
ஃபோனில் படம் எடுத்தேன்.
'இப்ப உங்கட ஊர் சரியா டீச்சர்?'
நஸ்மில் பல்லெல்லாம் சிரிப்பு.
நானும் சிரித்தேன்.

மூதூரில் பஸ் நின்றது.
நின்றது நின்றதுதான்.
'இனி இஞ்ச வரைக்கும்தான் டீச்சர்.
அங்கால ஆளில்லையாம், டீசலுக்கும் கட்டாதாம்.'
ஆளில்லாத ஆட்கள் ஆறு பேர் இறங்கினோம்.
கிளினிக் கொப்பியோடு நின்ற புவனமலர்
வந்த பஸ்ஸையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.
'அப்ப பலகை?'
'பலகைக்கு ஓடர் குடுத்தது முந்தி,
ஓட்டத்தை வெட்டினது பிந்தி.'
விஜேகோன் கீழே இறங்கி
பலகையைக் கழற்றினார்,
அழுக்குப் படாமல்
ஆசனத்துக்குப் பின்னால் செருகினார்.
என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோக்காரர் கேட்டது
என் ஒருநாள் சம்பளத்தில் முக்கால்வாசி.
விதைநெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று
கையைக் காட்டாமலே நின்றது.
மூட்டைக்கு மேலே நானும் புவனமலரும்.
சேலையெல்லாம் உமி.
'எத்தனை மாசம்?' என்றேன்.
'ஆறு. இனிக் கிளினிக்குக்கு எப்பிடிப் போறது டீச்சர்?'
உழவு இயந்திரச் சத்தம் பெரிது.
கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

எட்டேகாலுக்குக் கோடு காய்ந்திருந்தது.
கீழே ஒப்பமிட்டேன்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
ஒரு விரல் அகலம்தான் இடம்.
எழுத்துப்பிழை திருத்தப்பட்டது
என்று எழுதினேன்.