பழுது: இல்லை

ஐந்துலாம்புச் சந்தியில் நின்றது
பதினேழாம் இலக்கப் பொலிஸ் பெட்டி.
இரும்பு. நீலம். மழைக்கு ஒரு கூம்புத் தொப்பி.
சின்னக் கதவு சனங்களுக்கு,
பெரிய கதவு பொலிசுக்கு,
பின்பக்கம் முழங்கால் உயரத்தில் இருந்த கதவு
எனக்கு.

செவ்வாய்க்கிழமைகளில் வருவேன்,
சைக்கிளில், திணைக்களத்துக் காக்கிப் பையோடு.
பற்றரி மாற்றுவேன். கரப்பான் தட்டுவேன்.
உள்ளே கிடக்கும்: பீடிக்கட்டு, குதிரைப்பந்தயத் தாள்,
பாதி கடித்த கிம்புலா பணிஸ்,
கொன்ஸ்டபிள் துவான் கிச்சிலின் ஈரக் காலுறை.
பிறகு கைபிடியைச் சுழற்றி
"பதினேழு, சோதனை" என்பேன்.
"கிளியர், பதினேழு" என்பாள்
மறுமுனையில் மிஸ் ஒல்டன்பேர்க்.
பதினொரு வருஷம், அந்த இரண்டு சொல்தான்.

கிச்சில் மணிக்கொருதரம் அழைக்க வேண்டும்.
உலாப் போகிறவன் உறங்கவில்லை என்பதற்கு
அவன் குரலே அத்தாட்சி.
கூம்பின் உச்சியில் விளக்கு மினுங்கினால்
பொலிசைப் பொலிஸ் தேடுகிறது என்று அர்த்தம்.
வோக்கி-டோக்கி வந்தபின்
அவன் பெட்டிக்குள் குடை மட்டும் வைத்தான்.
சனங்கள் விடவில்லை.
நள்ளிரவில் ஒருத்தி அழைத்தாள், தெருப்பெயர் தெரியாது,
"நல்லெண்ணெய் மணக்கிற சந்து" என்றாளாம்.
போய்ச் சேர்ந்தார்கள்.
நாலு நிமிடம் என்று பதிவேட்டில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்.
ஆடித் திங்கள். அந்த ஆடித் திங்கள்.
சின்னக் கதவு திறந்தபடி இருந்ததாம்,
ரிசீவர் கயிற்றில் ஆடியதாம்.
நான் காணவில்லை. நான் அன்று
வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுக்
கோழிக்கூட்டுக்குப் பின்னால்.
பிறகு பள்ளிக்கூடத்து முகாம். ஒன்பது நாள், ஒரே சேட்டு.

வேலைக்குத் திரும்பிய முதல் செவ்வாய்
பெட்டிக்கு முன் நின்றேன்.
எதிர்வரிசைக் கடைகளுக்குக் கூரை இல்லை.
பெட்டியில் கண்ணாடிகூட உடையவில்லை.
சுழற்றினேன். "பதினேழு, சோதனை."
"கிளியர், பதினேழு."
கம்பியில் கொஞ்சம் மூச்சு.
"அன்றைக்கும் கிளியர்தான், மிஸ்டர் நவமணி.
முப்பத்தொரு கோல். எல்லாம் மேலே கொடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் தெல்கொட பழுதுப் புத்தகத்தை
என் பக்கம் தள்ளினார்.
மரியாதையாகத்தான். தேத்தண்ணியும் வந்தது.
ஜூலை இருபத்தைந்துக்கு நேரே ஒரு வெற்றுவரி.
"லைன் அறுந்தது என்று போடுங்கள்.
எல்லாருக்கும் நல்லது."
பேனை விரலில் கசிந்தது.
எனக்கு இரண்டு பிள்ளைகள்.
தேத்தண்ணி ஆடை கட்டும்வரை இருந்தேன்.

எழுதினேன்: பழுது: இல்லை.

துணிச்சல் என்று நினைக்காதீர்கள்.
அந்தக் கம்பியை மண்ணுக்குள் இறக்கியவன் நான்,
ஒவ்வொரு மூட்டும் என் கையால் ஈயம் வைத்தது.
அது கெட்டது என்று எழுத
எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் மொனராகலைக்கு மாற்றினார்கள்.
மறுவருஷம் பெட்டியையும் கழற்றினார்களாம்.
நாலு போல்ட் மட்டும் சீமெந்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது,
அன்னாசி விற்கிறவன்
அதிலொன்றில் உப்புத்தூள் வாளி மாட்டுகிறான்.

சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
பால்மா டின் மூடி நெம்ப
நல்ல சாமான்.