சட்பரியில் பல்லி

ஏப்ரல் மழை இரண்டு முறையாவது பெய்து
சாலை உப்பைக் கழுவிவிட்டுப் போகாமல்
இவற்றை வெளியே எடுப்பதில்லை என்றார் ஐலா ரன்டனென்.
உப்பிட்ட நகராட்சியை உள்ளளவும் நினைக்கிறது
சட்பரியில் ஒவ்வொரு வண்டியின் அடித்தகடும்.

காப்பீட்டுக்கு விலை சொல்வது என் வேலை.
இரண்டு வண்டி, ஒரே படிவம்,
ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்.

அறுபத்தைந்தாம் வருடத்து எம்.ஜி.பி.,
பாசிப் பச்சை.
சாவியைத் திருப்பியதும்
பின்சக்கரத்துப் பக்கமிருந்து பெட்ரோல் பம்பு
டிக் டிக் டிக் என்றது.
பல்லி சொல்கிறது!
பாதி வருடம் பனி கிடக்கும் ஊரில்
பல்லி எங்கே வந்தது?
விரல் தன்னால் டாஷ்போர்டைத் தட்டிவிட்டது.
சோக்கை இழுத்தேன், காத்திருந்தேன்,
இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.
இருமிப் புகைந்து எழுந்தது.
முதல் கியருக்கு முழுசாக நிற்க வேண்டும்.
ஓடிக்கொண்டே கேட்டால்
நறநறவென்று பல்லைக் கடிக்கும்.
மூன்று நாள் என் தலைமுடியில் பெட்ரோல் வாடை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடத்து மியாட்டா, சிவப்பு.
பச்சையின் சாதியைப் பார்த்துத்தான்
இதை வரைந்தார்கள் என்பார்கள்.
பார்த்தவர்கள் ஒழுகலை மட்டும் விட்டுவிட்டார்கள்.
தொட்டதும் கிளம்பியது.
விளக்குகள் இமை திறந்து மேலெழுந்து
எங்கே என்றன.
கியர் மணிக்கட்டின் ஒரு அசைவில் விழுந்தது.
ராம்சி ஏரியை ஒட்டிய வளைவில்
திரும்பலாம் என்று நினைத்தேன், திரும்பியிருந்தது.
அத்தனை சௌகரியம்.
பாதி வழியில்
வீட்டில் பால் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
பச்சையில் போகும்போது
வீடு இருப்பதே நினைவில் இல்லை.

பிரேக்: அதற்கு மூன்று, இதற்கு ஐந்து.
துரு: அதற்கு இரண்டு, இதற்கு ஐந்து.
கசிவு: அதன் அடியில் பழைய பேக்கிங் தட்டு,
தட்டில் ஆறு சொட்டு.

ஒன்றை விற்கிறேன் என்றார், காப்பி ஊற்றிக்கொண்டே.
பச்சை டோய்வோ வாங்கியது.
அவர் ஓட்டியது, அவர் திட்டியது,
நவம்பரில் அவர் போகும்வரை
ஞாயிறுதோறும் அதன் அடியில் படுத்துக் கிடந்தது.
சிவப்பு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சம்பளத்தில்
ஐலா தானே வாங்கியது.

விற்பனைக்கு என்ற இடத்தில்
பச்சை என்று எழுதிவிட்டேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
'இல்லை, சிவப்பு.
அது போகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளும்.
இதை யார் வைத்துக்கொள்வார்கள்?'

பேனாவால் அடித்துத் திருத்தினேன்.
தாள் அந்த இடத்தில் கொஞ்சம் கிழிந்தது.

ஐலா குனியவில்லை.
தட்டைக் காலால் தள்ளினார்,
இன்னும் கொஞ்சம் இடது பக்கம்,
அடுத்த சொட்டுக்கு நேராக.