நிரந்தரம் என்று எழுதி, அடியில் ஒரு தேதி

அய்யா,
புதுவயல் அரிசி ஆலையில்
எடை எழுதுகிறவள் நான்.
வண்டி வந்ததும் வெறும் சாக்கை
முதலில் நிறுத்துக் குறித்துக்கொள்வோம்.
அதைக் கழிக்காத கணக்கு
எங்கள் முதலாளியிடம்கூடச் செல்லாது.
எண்ணும் தேதியும் எனக்குப் புதிதல்ல
என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பி வயிரவனுக்குக் குடும்ப ஓய்வூதியம்
அனுமதித்த ஆணை கிடைத்தது. நன்றி.
வழங்கத் தொடங்கும் நாள் 3.11.2020 என்றிருக்கிறது.
அம்மா போனது 19.8.2016.
அந்த ஒரு நாளை அம்மாவுக்கே விட்டுவிட்டாலும்
நடுவில் நான்கு வருடம், இரண்டு மாதம், பதினான்கு நாள்.
அவ்வளவு நாளும் அவன்
யாருடைய மகனாக இருந்தான் என்று
ஆணையில் இல்லை.

அந்த மூன்றாம் தேதி
சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்கு
ஆட்டோவில் கொண்டுபோனேன்,
முப்பத்துநாலு வயது ஆளை
மடியில் சாய்த்துக்கொண்டு.
முகக்கவசம் அவன் முகத்தில் நிற்கவில்லை.
டாக்டர் நல்லவர்.
மடங்கின கையை நீட்டிப் பார்த்தார்.
எத்தனை நாளா இப்படி, என்றார்.
பிறந்ததிலேர்ந்து, என்றேன்.
நிரந்தரம் என்று எழுதி
அடியில் அன்றைய தேதியைப் போட்டார்.

நீங்கள்
அடியில் இருந்ததை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

ஏன் தாமதம் என்று கேட்டிருந்தீர்கள்.
இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.
ஆலைக்குத் தவிடு ஏற்றவந்த லாரி டிரைவர்,
அவரும் பட்டாளத்துக்காரர்,
பேச்சுவாக்கில் சொன்னார்.
அதுவரை வாங்கிய கைமாற்றுச் சீட்டு எட்டு
இத்துடன் இணைத்துள்ளேன்.
காரைக்குடியில் வைத்து
மூழ்கிப்போன கம்மலின் சீட்டை
இணைக்கவில்லை. அது என் கணக்கு.

இனி, நீங்கள் அனுப்பிய நகல்.
1987-ல் ஹவில்தார் வெள்ளைக்கண்ணு
பூர்த்தி செய்த குடும்ப விவரப் படிவம்.
மகன் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது,
ஊனம் என்ற கட்டத்தில்
இல்லை என்றிருக்கிறது.
இங்கிலீஷில் இரண்டே எழுத்து.
அப்பா கைதான். மறுக்கவில்லை.
பேனா அழுத்தின தடம்
நகலிலும் விழுந்திருக்கிறது.

அப்போது அவனுக்குப் பதினோரு மாதம்.
தலை நிற்கவில்லை.
அப்பா விடுப்பில் வந்து பார்த்துவிட்டு
ஜோத்பூர் திரும்பிய மாதம் அது.
தெரிந்து எழுதினாரா, வெட்கப்பட்டாரா,
வைரவன்பட்டியில் நேர்ந்துகொண்டு வந்த நம்பிக்கையில்
அந்த இல்லையை
முன்கூட்டியே எழுதிவிட்டாரா,
எனக்குத் தெரியாது.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
பின்னாலும் அவர் திருத்தவில்லை.

ஆனால் அய்யா,
ஊருக்கு வந்த நாளெல்லாம்
அவனைத் தோளில் போட்டுக்கொண்டு
ஊரணிக்குப் போவார்.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
அவன் கழுத்தைத் தாங்கிப் பிடித்து
மிதக்கவிடுவார்.
தண்ணீரில் மட்டும் அவன் கை விரியும்.
படித்துறையில் துவைத்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.
நகல் இல்லை.

ஆகவே தொடக்க நாளை 20.8.2016 என்று
திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெ. கொப்பாத்தாள்,
காப்பாளர்.

*

பதிவுத் தபாலில் சேர்த்தாயிற்று.
வீடு வந்து ரசீதை
அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக்
கஞ்சி ஆற்றப் போனேன்.
திரும்பினால் அது அவன் கைக்குள்.
ஒரு தடவை இறுகினால்
அந்த விரல்கள் தானாகத் திறக்காது.
பிரித்தால் கிழியும்.

தூங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.
தூக்கத்தில் கொஞ்சம் தளரும்.
ரசீதில் தேதி இருக்கிறது,
நாளைக்குக் கேட்பார்கள்.