தொட்டறியும் துரைக்கண்ணு, இதழ் 42

கொண்டித்தோப்பில் ஓர் அச்சகத்தின் மாடியில்
மாதம் ஒரு முறை அவரைப் பெற்றெடுத்தேன்.
விலை ஒன்றரை ரூபாய்.
மற்றவர்கள் துப்பறிந்தார்கள், என் ஆள் தொட்டறிந்தார்.
வலது கையில் எப்போதும் கறுப்பு உறை.
கழற்றினால் போச்சு:
கத்தியைத் தொட்டால் குத்தியவன் முகம்,
காசைத் தொட்டால் அது கைமாறிய கணக்கு.
ஒரு முறை பேசின் பிரிட்ஜில் தண்டவாளத்தைத் தொட்டுவிட்டு
மூன்று பக்கம் மயங்கிக் கிடந்தார்
(அந்த மாதம் எனக்கு டைபாய்டு,
மயக்கம் வரைவது சுலபம்).

நாற்பதாம் இதழ் வந்த வாரம்
தனபாக்கியம் படியேறி வந்தாள், நாகூரான் தோட்டத்திலிருந்து.
மஞ்சள் பைக்குள் செய்தித்தாள்,
செய்தித்தாளுக்குள் ஒற்றைச் செருப்பு. இடது.
"மணலிக்கு டேங்கர் ஓட்டிக்கினு போன மனுசன்.
லாரி வந்துச்சு. இது வந்துச்சு. அவரு வர்ல.
உங்காளு தொட்டுப் பாத்தா சொல்லிடுவாராமே,
பையன் படிச்சுக் காட்னான்."

அவர் வெறும் மை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
வாய் சொன்னது:
"ஒரு கேஸ் விஷயமா பம்பாய் போயிருக்காரும்மா."
"வரட்டும்" என்றாள்.
செருப்பை மேசையில் வைக்கவில்லை,
அதே செய்தித்தாளில் திரும்பச் சுருட்டினாள்.

வியாழன்தோறும் வந்தாள்.
பம்பாயில் மழை என்றேன். ரயில் ஓடவில்லை என்றேன்.
கடைசியில் அவருக்குக் காமாலை என்றேன்.
"கீழாநெல்லி குடுக்கச் சொல்லு" என்றாள்.

ஒரு வியாழன், பையை வைத்துவிட்டு
தண்ணீர் குடிக்கக் கீழே போனாள்.
நான் தொட்டேன்.

எதுவும் வரவில்லை.
ரப்பர், தார், டீசல் நாற்றம்.
வெளிப்பக்கம் தேய்ந்த குதிகால்.
அறுந்த வாரில் ஓர் ஊக்கு.
ஊக்கு மின்னியது.

இந்தப் பக்கத்துக் காற்றில்
இரும்பு படும் பாடு எனக்குத் தெரியும்.
என் ஜன்னல் கம்பி விரல் பட்டால் உதிரும்,
கட்டில் காலுக்கு வருடம் தவறாமல் பெயிண்ட்.
பத்து நாள் தாங்காது ஓர் ஊக்கு.
மனிதர் போய் ஏழு மாதம்.

கை சுட்டது.
ஓர் உறை இருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

நாற்பத்திரண்டாம் இதழில்
துரைக்கண்ணு ஒரு செருப்பைத் தொட்டார்.
போனவன் தெரியவில்லை.
நாற்பது வாட் பல்பின் கீழ் ஒரு கை மட்டும்
துருப்பிடித்த ஊக்கைக் கழற்றி
புதியதை மாட்டிக்கொண்டிருந்தது, நான்கு பக்கத்துக்கு.
வசனம் இல்லை.
முதலாளி மைக்குக் கேடு என்றார்.
திருவொற்றியூர் வாசகர் ஒருவர் தபால் அட்டையில்
"கொலைகாரன் யார்? ஒன்றரை ரூபாயைத் திருப்பி அனுப்பு" என்றார்.

அந்த வியாழனும் வந்தாள்.
பையன் துணையில்லாமலே பார்த்தாள், எழுத்துதான் இல்லையே.
நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.
நகத்திடுக்கில் துரு.

"ஊக்கு மாத்துறத நான் யாருக்கும் சொன்னதில்ல.
எம் பையனுக்கே தெரியாது."
என்னைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால், சட்டை மாட்டும் ஆணியைப் பார்த்தாள்.
"அப்ப பம்பாய்லேந்து வந்துட்டாரு."

தலையாட்டினேனா, தெரியவில்லை.
கீழே எந்திரம் ஓடத் தொடங்கி
மாடியே ஆடிக்கொண்டிருந்தது.

"செருப்புல சரியா விழுந்திருக்காது" என்றாள்,
பையை மடித்து இடுப்பில் செருகியபடி.
"அட்த்த வாரம் சட்ட எட்த்தாறேன்.
தோய்க்காம வச்சிருக்கேன்."